மலேரியா இல்லை என்று எப்போது சொல்லலாம்?



நம் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் காய்ச்சல் என்றதும் இன்று முதலில் வாயில் வருவது டெங்குதான். மலேரியா என்ற பேச்சே அரிதாகிவிட்டது. இளைய பிள்ளைகள் அந்தச் சொல்லைப் பாடப்புத்தகத்தில் பார்த்திருப்பார்கள். முறைக்காய்ச்சல், குளிர்காய்ச்சல் என்றால் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். சுவர்களில் டி.டி.டி. மருந்து அடித்துவிட்டு, வந்துபோன தேதியை வாசல் பக்கத்தில் எழுதிச் சென்ற மலேரியா ஊழியர்களையும் அவர்களுக்கு நினைவிருக்கும். அந்தக் காலம் போனதற்கு அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் இந்த நல்ல மாற்றத்துக்குள்ளேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. கிராம சுகாதார செவிலியரோ சுகாதார ஆய்வாளரோ வீட்டுக்கு வந்து, "யாருக்காவது காய்ச்சல் இருக்கா? ஒரு துளி ரத்தம் எடுத்துக்கிறோம்" என்று கேட்டால், "இங்க எங்கம்மா மலேரியா இருக்கு?" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அந்த ஒரு துளி ரத்தம் எங்கே போகிறது, எந்தக் கணக்கில் சேருகிறது, அதைக் கொடுக்காவிட்டால் ஊருக்கு என்ன நஷ்டம் என்பதை இந்த இதழில் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

வறண்ட ஊருக்கு மலேரியா வருமா?

"நம்ம பூமி வானம் பார்த்த பூமி. குடிக்கவே தண்ணி இல்லாத ஊர்ல கொசு எங்கிருந்து வரும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் மலேரியாவைப் பரப்பும் அனோஃபிலிஸ் கொசுவுக்கு ஆறு நிறையத் தண்ணீர் தேவையில்லை. ஓடாமல் நிற்கும் கொஞ்சம் தண்ணீர், அதுவும் ஓரளவு தெளிந்த தண்ணீர் போதும். முட்டை, புழு, கூட்டுப்புழு என்று வளர்ந்து கொசுவாகப் பறக்க அதற்கு ஏழு முதல் பத்து நாட்களே ஆகும்.

இந்தியாவில் மலேரியா பரப்பும் அனோஃபிலிஸ் கொசுக்களில் இரண்டு வகைகளை நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஒன்று கிராமத்துக் கொசு. ஆற்று மணலில் தேங்கிய நீர், வாய்க்கால் ஓரம், பாசனக் கிணறு, மழைக்குப் பின் நிற்கும் குட்டை ஆகியவற்றில் வளரும். மற்றொன்று நகரத்துக் கொசு. மொட்டைமாடித் தொட்டி, மூடாத கிணறு, சிமெண்ட் தொட்டி, கட்டட வேலைக்காகத் தேக்கி வைத்த தண்ணீர் ஆகியவற்றில் வளரும். தமிழ்நாட்டின் மலேரியாக் கணக்கில் நெடுங்காலமாகப் பெரும்பங்கு சென்னைக்கே இருந்து வந்ததற்குக் காரணம் இந்த இரண்டாவது வகைதான்.

நம் ஊரை எண்ணிப் பாருங்கள். தண்ணீர் தட்டுப்பாடு உள்ள ஊரில்தான் தண்ணீரைச் சேமித்து வைப்பார்கள். குழாயில் தினமும் தண்ணீர் வராத தெருவில் வீட்டுக்கு வீடு தொட்டியும் டிரம்மும் குடங்களும் நிறைந்திருக்கும். வெளியே எவ்வளவு வெயில் காய்ந்தாலும் கொசுவுக்கு வீட்டுக்குள் இடம் கிடைத்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து கண்மாயும் ஊருணியும் கொஞ்சம் நிரம்பிப் பிறகு வற்றத் தொடங்கும்போதும், குண்டாற்றில் வந்த தண்ணீர் வடிந்து ஆங்காங்கே குழிகளில் நிற்கும்போதும் கிராமத்துக் கொசுவுக்கும் வழி பிறக்கிறது.

வறட்சியே மலேரியாவைக் கொண்டுவரும் என்பதற்குப் பக்கத்து நாடான இலங்கையே சாட்சி. 1934-ல் அங்கே தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. எப்போதும் மழை பெய்யும் தென்மேற்குப் பகுதியில் ஆறுகள் ஓட்டம் நின்று குட்டை குட்டையாகத் தேங்கின. ஓடும் ஆற்றில் அடித்துச் செல்லப்பட்டிருக்கும் கொசுப்புழுக்கள் அந்தக் குட்டைகளில் பெருகின. அந்த ஆண்டின் இறுதியில் தொடங்கி 1935 வரை நீடித்த கொள்ளைநோயில் சுமார் 80,000 பேர் மாண்டார்கள். அந்தப் பகுதி மக்களுக்கு மலேரியா அதிகம் பழக்கமில்லை. உடலில் எதிர்ப்புச் சக்தியும் இல்லை, மனதில் எச்சரிக்கையும் இல்லை. மலேரியாவை மறந்துவிட்ட ஊருக்கு அது திரும்பி வரும்போது அடி பலமாக விழும் என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

ஒரு துளி ரத்தம் எங்கே போகிறது?

மலேரியா கொசுவிலேயே பிறக்கும் நோயல்ல. மலேரியாக் கிருமி உள்ள ஒரு மனிதரைக் கடித்த கொசுவின் உடலில் அந்தக் கிருமி சுமார் 10 முதல் 14 நாட்கள் வளர்கிறது. பிறகு அந்தக் கொசு யாரைக் கடிக்கிறதோ அவருக்குப் பரவுகிறது. கடிபட்டவருக்குப் பொதுவாக 10 முதல் 15 நாட்களில் குளிரும் நடுக்கமும் காய்ச்சலும் வியர்வையுமாக நோய் தொடங்கும். கொசுவின் உடலில் மலேரியாக் கிருமியை ரொனால்டு ராஸ் 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்தராபாத்தில் கண்டறிந்தார்.

ஆகவே கொசு மட்டும் இருந்தால் மலேரியா வராது. கிருமி உள்ள மனிதர் மட்டும் இருந்தாலும் அடுத்தவருக்குப் பரவாது. இரண்டும் ஒரே தெருவில் சேரும்போதுதான் பரவும். கொசுவை முற்றிலும் ஒழிப்பது கடினம். கிருமி உள்ள மனிதரைச் சீக்கிரம் கண்டுபிடித்து மருந்து கொடுப்பது அதைவிட எளிது. சுகாதாரத் துறையின் ரத்தப் பரிசோதனைக்கு அடிப்படை இதுதான்.

விரல் நுனியில் குத்தி எடுக்கும் துளியைக் கண்ணாடிச் சில்லில் தடவுகிறார்கள். சாயம் ஏற்றி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் நுண்ணோக்கி வழியாகப் பார்க்கிறார்கள். கிருமி இருக்கிறதா, இருந்தால் எந்த வகை என்பது அதில் தெரிந்துவிடும். உடனடி முடிவு தேவைப்படும் இடங்களில் சிறிய பரிசோதனை அட்டையில் சில நிமிடங்களில் பார்க்கும் முறையும் உண்டு. இந்தப் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் அரசு மருத்துவமனைகளில் கட்டணம் இல்லை.

நோன்பு மாதத்தில் ரத்தம் கொடுக்கச் சிலர் தயங்குவார்கள். ஷாஃபி, ஹனஃபி இரண்டு மத்ஹபுகளிலும் உடலிலிருந்து ரத்தம் எடுப்பதால் நோன்பு முறிவதில்லை. விரல் நுனியின் ஒரு துளிக்குத் தயங்கவே வேண்டாம். பெண்களுக்குக் கூச்சம் இருந்தால் கிராம சுகாதார செவிலியரிடமே கொடுக்கலாம்.

மூன்று கணக்குகள்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். "போன வருஷம் நம்ம ஊர்ல நாலு பேருக்கு மலேரியா, இந்த வருஷம் ஒருத்தருக்குத்தான்" என்று யாராவது சொன்னால், நோய் குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். அது சரியா என்று தெரிய இன்னும் இரண்டு விவரங்கள் வேண்டும்: ஊரில் மொத்தம் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேருக்கு ரத்தம் பார்த்தோம்?

சுகாதாரத் துறை இதற்காக மூன்று கணக்குகளை வைத்திருக்கிறது.

முதல் கணக்கு: ஓர் ஆண்டில் ஆயிரம் பேருக்கு எத்தனை பேருக்கு மலேரியா உறுதியானது. இதைச் சுருக்கமாக ஏ.பி.ஐ. என்பார்கள். சிறிய ஊரையும் பெரிய ஊரையும் ஒப்பிட இது வேண்டும். 500 பேர் உள்ள ஊரில் ஐந்து பேருக்கு வருவதும், 50,000 பேர் உள்ள நகரத்தில் ஐந்து பேருக்கு வருவதும் ஒன்றாகாது.

இரண்டாவது கணக்கு: நூறு பேரில் எத்தனை பேருக்கு அந்த ஆண்டில் ரத்தம் பார்க்கப்பட்டது. நூற்றுக்குப் பத்துப் பேருக்காவது பார்த்திருக்க வேண்டும் என்பது நம் நாட்டு மலேரியாத் திட்டத்தில் நெடுங்காலமாக இருந்துவரும் அளவு.

மூன்றாவது கணக்கு: ரத்தம் பார்த்த நூறு பேரில் எத்தனை பேருக்குக் கிருமி இருந்தது.

ஒரு கற்பனை ஊரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். மக்கள்தொகை 2,000.

முதல் ஆண்டில் 200 பேருக்கு ரத்தம் பார்த்தார்கள். நான்கு பேருக்குக் கிருமி. ஆயிரத்துக்கு இரண்டு பேர். பரிசோதனை நூற்றுக்குப் பத்து. பார்த்தவர்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்கு நோய்.

இரண்டாம் ஆண்டில் 40 பேருக்குத்தான் பார்த்தார்கள்; ஒருவருக்குக் கிருமி. ஆயிரத்துக்கு அரை என்று கணக்கு இறங்கிவிட்டது. காகிதத்தில் நான்கில் ஒரு பங்காகக் குறைந்த வெற்றி! ஆனால் மூன்றாவது கணக்கைப் பாருங்கள். பார்த்தவர்களில் நூற்றுக்கு இரண்டரை பேருக்கு நோய். விகிதம் குறையவில்லை, சற்றே கூடியிருக்கிறது. முந்தைய ஆண்டு போலவே 200 பேருக்குப் பார்த்திருந்தால் ஐந்து பேர்கூடக் கிடைத்திருக்கலாம். குறைந்தது பரிசோதனைதான், நோய் குறைந்தது என்று சொல்ல ஆதாரம் இல்லை.

மூன்றாம் ஆண்டில் "இங்கதான் மலேரியாவே இல்லையே" என்று யாரும் ரத்தம் கொடுக்கவில்லை. பதிவேட்டில் நோயாளிகள் 0. இந்த 0-வை நம்ப முடியுமா?

நான்காம் ஆண்டில் காய்ச்சல் கண்டவர்கள் எல்லோரும் ஒத்துழைத்தார்கள். 220 பேருக்குப் பார்த்தார்கள். ஒருவருக்கும் கிருமி இல்லை. இதுவும் 0-தான். ஆனால் இது தேடிப் பார்த்துச் சொன்ன 0. முந்தையது தேடாமல் விட்ட 0. பதிவேட்டில் இரண்டும் ஒரே மாதிரி எழுதப்பட்டாலும், முதலாவதை நம்பி ஊர் உறங்க முடியாது.

மலேரியா இல்லை என்று சொல்லும் உரிமை, காய்ச்சல் வந்தவர்களுக்கெல்லாம் ரத்தம் பார்த்த ஊருக்கே உண்டு. நம் வீட்டுக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் ஒரு துளி, கிருமி இல்லை என்று முடிவு வந்தாலும் வீணாவதில்லை. ஊரின் 0-வுக்கு அதுவும் ஒரு சாட்சி.

வருடங்களை ஒப்பிடும்போது

மலேரியாவைப் பல ஆண்டுகளுக்குத் தொடர்ந்து கவனிக்கும்போது வேறு சில சங்கதிகளையும் மனதில் வைக்க வேண்டும்.

முதலாவது பருவம். கோடையில் எடுத்த கணக்கை மழைக்காலக் கணக்கோடு ஒப்பிட்டு "கூடிவிட்டது" என்று பயப்படவோ, மழைக்காலத்தைக் கோடையோடு ஒப்பிட்டு "குறைந்துவிட்டது" என்று மகிழவோ கூடாது. இந்த ஜனவரியை முந்தைய ஜனவரிகளோடுதான் ஒப்பிட வேண்டும். அதேபோல் ஒரே ஓர் ஆண்டின் ஏற்ற இறக்கத்தையும் பெரிதாக எடுக்கக் கூடாது. சிறிய ஊரில் ஒரு குடும்பத்துக்கு நோய் வந்தாலே விகிதம் எகிறிவிடும். ஐந்து, பத்து ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் போக்கு தெரியும்.

இரண்டாவது எல்லை. விருதுநகர் மாவட்டம் உருவானதே 1985-ல்தான். அதற்கு முன் அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் பழைய ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. கடலோரத்தில் ராமேஸ்வரம் தீவும் அதன் சுற்றுப்புறமும் மலேரியாவுக்குப் பேர்போன இடங்கள். பழைய மாவட்டக் கணக்கில் அந்தக் கடலோரமும் சேர்ந்தே இருக்கும். அந்தக் கணக்கை எடுத்து, "அன்று நம் மாவட்டத்தில் இவ்வளவு, இன்று இவ்வளவு" என்று விருதுநகர் மாவட்டக் கணக்கோடு வைத்தால் இரண்டு வேறு நிலப்பரப்புகளை ஒப்பிட்டதாகிவிடும்.

மூன்றாவது, ஊரில் உண்மையில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்பது. நம் கிராமங்களில் ரேஷன் கார்டில் பெயர் இருப்பவர்களில் பலர் சென்னையிலோ திருப்பூரிலோ கேரளாவிலோ வளைகுடாவிலோ இருக்கிறார்கள். 2,000 பேர் என்று எழுதப்பட்ட ஊரில் 1,500 பேர்தான் குடியிருந்தால் முதல் இரண்டு கணக்குகளும் மாறிவிடும். செவிலியர் குடும்பக் கணக்கெடுக்க வரும்போது, "இருக்கிறவங்க எத்தனை, வெளியூர்ல எத்தனை" என்று சரியாகச் சொன்னாலே பெரிய உதவி.

நான்காவது, நோய் எங்கே தொற்றியது என்பது. வெளியூரில் தொற்றி இங்கே வந்து தெரிந்ததா, இங்கேயே கொசு கடித்து வந்ததா? முதலாவது ஒரு தனி மனிதரின் நோய். இரண்டாவதாக இருந்தால், அந்தத் தெருவில் கிருமி ஏறிய கொசு சுற்றுகிறது என்று அர்த்தம். அதனால்தான் நோய் உறுதியானதும், கடைசி சில வாரங்களில் எங்கெங்கே போனீர்கள், எங்கே தங்கினீர்கள் என்று ஆய்வாளர் கேட்கிறார். யாரையும் குற்றம் சொல்வதற்கு அல்ல. மறைக்காமல் பதில் சொல்ல வேண்டும்.

தேடுவதை நிறுத்தினால் என்ன ஆகும்?

மேலே சொன்ன கற்பனை ஊரின் மூன்றாம் ஆண்டு, நாடு அளவில் நடந்தால் எப்படி இருக்கும்? இரண்டு உண்மையான உதாரணங்கள் இருக்கின்றன.

இலங்கையில் சுவர்களில் டி.டி.டி. அடித்து, ரத்தம் பார்த்து, மருந்து கொடுத்து மலேரியாவை விரட்டினார்கள். 1963-ல் நாடு முழுவதும் 17 பேருக்கு மட்டுமே மலேரியா. அவர்களிலும் பலர் வெளிநாட்டில் தொற்றி வந்தவர்கள். வேலை முடிந்தது என்ற நினைப்பு வந்தது. மருந்தடிப்பது நிறுத்தப்பட்டது, கண்காணிப்பும் தளர்ந்தது. காட்டை வெட்டி விவசாயம் செய்யப் போனவர்களும், மாணிக்கக்கல் தோண்டப் போனவர்களும் கிருமியைச் சுமந்து வந்தார்கள். தோண்டிய குழிகளில் தேங்கிய நீர் கொசுவுக்கு இடம் கொடுத்தது. 1969-ல் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு மலேரியா. 17 எங்கே, ஐந்து லட்சம் எங்கே! இடையில் ஆறே ஆண்டுகள்.

நம் நாட்டிலும் இதேதான். சுதந்திரம் கிடைத்த 1947-ல் ஆண்டுக்குச் சுமார் 7.5 கோடிப் பேருக்கு மலேரியா, எட்டு லட்சம் மரணங்கள் என்று மதிப்பிடப்பட்டது. 1953-ல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. 1958-ல் அது ஒழிப்புத் திட்டமாக மாறியது. 1965 வாக்கில் நோயாளிகள் சுமார் ஒரு லட்சமாகக் குறைந்தார்கள். அதன்பின் பல இடங்களில் கவனம் தளர்ந்தது. டி.டி.டி.க்குக் கொசுவும் பழகிப்போனது. 1976-ல் நோயாளிகள் 64 லட்சத்தைத் தாண்டினார்கள். 1977-ல் திட்டத்தையே திருத்தி மறுபடி தொடங்க வேண்டியிருந்தது.

விழுந்த இலங்கை எழுந்த கதையும் சொல்லப்பட வேண்டும். 1999-ல்கூட அங்கே இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு மலேரியா இருந்தது. போர் நடந்த காலம் அது. நடமாடும் மலேரியா கிளினிக்குகள் கிராமம் கிராமமாகப் போய் ரத்தம் பார்த்தன. உள்ளூரிலேயே தொற்றிய கடைசி நோயாளி பதிவானது 2012 அக்டோபரில். அதோடு அவர்கள் நிறுத்தவில்லை. தொடர்ந்து மூன்று ஆண்டுகளாவது உள்ளூர்த் தொற்று இல்லை என்பதை நிரூபித்தால்தான் உலக சுகாதார நிறுவனம் சான்று தரும். அதற்கு ஆதாரம் ரத்தப் பரிசோதனைகள்தான். 2016 செப்டம்பரில் இலங்கை அந்தச் சான்றைப் பெற்றது. இன்றும் வெளிநாட்டிலிருந்து வருபவர்களைக் கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள். சான்று பெற்ற பிறகு, நகரத்துக் கொசு என்று மேலே சொன்னோமே, அந்த வகை மன்னார் தீவில் புதிதாகக் காணப்பட்டதும் அவர்களுக்கு மேலும் ஓர் எச்சரிக்கையாக அமைந்தது.

இந்தியாவிலும் நிலைமை நன்றாகவே முன்னேறியிருக்கிறது. 2015-ல் பதிவான மலேரியா நோயாளிகள் சுமார் 11.7 லட்சம் பேர். 2023-ல் சுமார் 2.27 லட்சம் பேர். 2030-க்குள் நாட்டில் மலேரியாவே இல்லாமல் ஆக்குவது அரசின் இலக்கு. எண்ணிக்கை குறையக் குறையத் தேடுவது கடினமாகும். அப்போதுதான் மக்களுக்கும் அலுப்பு வரும். 1963-ல் இலங்கை நின்ற இடம் அதுதான்.

பாதியில் விட்ட மாத்திரை

இன்னொரு காரணத்தாலும் கணக்கு கெடும். நம் நாட்டில் மலேரியாவில் இரண்டு வகைகள் முக்கியமானவை. ஒன்று, மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கி உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடியது. மற்றொன்று, கல்லீரலில் ஒளிந்துகொண்டு வாரங்கள், மாதங்கள் கழித்துத் திரும்பி வரும் வகை. பெரியவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் முறைக்காய்ச்சல் என்றது பெரும்பாலும் இதைத்தான்.

இந்த இரண்டாவது வகைக்கு மூன்று நாள் குளோரோகுவின் மாத்திரையும், 14 நாள் பிரைமாகுவின் மாத்திரையும் தருகிறார்கள். முதல் மாத்திரையில் காய்ச்சல் போய்விடும். மூன்றாம் நாளே வேலைக்குப் போகலாம் போலிருக்கும். பலர் மீதி மாத்திரையை அலமாரியில் போட்டுவிடுவது அங்கேதான். கல்லீரலில் ஒளிந்திருப்பதை அழிப்பது அந்த 14 நாள் மாத்திரைதான். பாதியில் விட்டால் அடுத்த மாதங்களில் காய்ச்சல் மறுபடி வரும். அதற்குள் தெருவில் உள்ள கொசுக்களுக்கும் கிருமி போயிருக்கும். புதிய தொற்றா, பழையதன் மிச்சமா என்று கணக்கெடுப்பவருக்கும் குழப்பம்.

அதேசமயம் பிரைமாகுவின் எல்லோருக்கும் ஏற்றதல்ல. கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் தரக்கூடாது. ரத்தத்தில் ஜி-6-பி-டி என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்குச் சிவப்பணுக்கள் உடையும் ஆபத்து உண்டு. சிறுநீர் கறுத்துப் போனாலோ, மிகவும் களைப்பும் மஞ்சள் நிறமும் தெரிந்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும். ஒருவருக்குத் தந்த மாத்திரையை மற்றொருவர் எடுத்துச் சாப்பிடவே கூடாது.

நோன்புக் காலத்தில் நோய் வந்தால் மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. காய்ச்சலோடு நோன்பு வைத்து உடலை வருத்த வேண்டியதில்லை, குணமான பின் களாச் செய்துகொள்ளலாம். காய்ச்சல் விட்டு மாத்திரை மட்டும் மீதியிருந்தால், நாளுக்கு ஒருவேளை மாத்திரைதான் என்பதால் இஃப்தாருக்குப் பிறகு உணவோடு எடுக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நோன்பைக் காரணம் காட்டி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

மதீனாவின் காய்ச்சல்

ஹிஜ்ரத் செய்து மதீனா வந்து சேர்ந்த முஹாஜிர்களில் பலர் அங்கே காய்ச்சலில் விழுந்தார்கள் என்பதை ஹதீஸ்களில் படிக்கிறோம். அபூபக்ர் (ரலி), பிலால் (ரலி) போன்ற பெரும் ஸஹாபாக்களும் அதில் அடக்கம். அந்நாட்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் நினைவுகூரும்போது, புத்ஹான் ஓடையில் கெட்டுப்போன நீர் ஓடியதையும் சேர்த்தே சொல்கிறார்கள். நபி (ஸல்) அவர்கள் அந்த நகரம் நலம் பெற துஆ செய்தார்கள். நோய்க்கு மருந்து செய்துகொள்ளும்படியும் நமக்குக் கற்றுத் தந்தார்கள். துஆவும் வேண்டும், மருந்தும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை விடுவதற்கு இல்லை.

எண்ணிக்கை எடுப்பதும் நமக்கு அந்நியமானதல்ல. இஸ்லாத்தை ஏற்றவர்களின் பெயர்களை எழுதித் தரும்படி நபி (ஸல்) அவர்கள் கேட்டதை ஹுதைஃபா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஓர் அறிவிப்பில் 1,500 பேர் எழுதப்பட்டதாக வருகிறது. தன் மக்கள் எத்தனை பேர், என்ன நிலையில் இருக்கிறார்கள் என்று தெரிந்து வைத்திருப்பது ஒரு சமுதாயத்தின் பொறுப்பு.

நாம் செய்ய வேண்டியவை

குளிரும் நடுக்கமுமாகக் காய்ச்சல் வந்தால், மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு நாட்களைக் கடத்த வேண்டாம். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, அருப்புக்கோட்டை, திருச்சுழி அரசு மருத்துவமனைகளிலோ அன்றே ரத்தம் பாருங்கள். தனியாரிடம் போனாலும் "மலேரியாவுக்கும் பார்த்துடுங்க டாக்டர்" என்று கேளுங்கள்.

வியாபாரத்துக்கோ வேலைக்கோ ஒடிசா, சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், ஆப்பிரிக்க நாடுகள் எனப் போய்வரும் நம் பிள்ளைகள், திரும்பிய சில மாதங்களுக்குள் காய்ச்சல் வந்தால் எங்கே போய் வந்தோம் என்பதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். நம் தெருவில் தங்கி வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளர்களுக்குக் காய்ச்சல் என்றாலும் அழைத்துப் போய்ப் பரிசோதிக்க வையுங்கள். அவர்களை ஒதுக்கினால் அவர்கள் நோயை மறைப்பார்கள். அதனால் நஷ்டம் எல்லோருக்கும்தான்.

வாரத்தில் ஒரு நாள், ஜும்ஆவுக்கு முந்தைய வியாழக்கிழமை என்று வைத்துக்கொள்ளலாம், வீட்டிலுள்ள தொட்டி, டிரம், குடம் எல்லாவற்றையும் காலி செய்து, தேய்த்துக் கழுவிக் காயவையுங்கள். கொசு வளர ஏழு நாட்களாவது வேண்டும் என்பதால் வாரம் ஒருமுறை போதும். மாடித் தொட்டிக்கு இறுக்கமான மூடி போடுங்கள். பயன்படாத கிணற்றை வலை கட்டி மூடுங்கள். பள்ளிவாசல் ஹவுளில் மீன் விடுவது நம் முன்னோர்கள் பழக்கத்தில் இருந்ததுதான். அதை விட்டுவிட வேண்டாம்.

தொட்டியில் புழு தெரிந்தால் உற்றுப் பாருங்கள். தலைகீழாகத் தொங்கினால் டெங்குக் கொசு அல்லது சாக்கடைக் கொசுவின் புழு. தண்ணீரின் மேல்மட்டத்தோடு படுத்தாற்போல் மிதந்தால் அனோஃபிலிஸ். எதுவானாலும் தண்ணீரைத் தரையில் கொட்டிவிடுங்கள். அனோஃபிலிஸ் என்று தெரிந்தால் சுகாதார ஆய்வாளரிடமும் சொல்லுங்கள். அது மாலை மயங்கியதிலிருந்து விடியும்வரை கடிக்கும் கொசு. ஆகவே இரவில் கொசுவலைக்குள் தூங்குவது நல்ல பாதுகாப்பு.

நோய் உறுதியானால் கூலி போகும் என்று அஞ்சி மறைக்கும் ஏழைக் குடும்பங்கள் நம் மஹல்லாக்களில் உண்டு. தறியிலும் கட்டட வேலையிலும் நாள் சம்பளத்தில் இருப்பவர்களுக்கு இரண்டு நாள் படுக்கையே பெரிய சுமை. அப்படிப்பட்டவர்கள் தயங்காமல் ஜமாஅத்திலோ அறக்கட்டளையிலோ சொல்லுங்கள். அண்டை வீட்டார் தெரிந்தாலும் சொல்லுங்கள். பெயர் வெளியே வராது. பள்ளிவாசல் பலகையில் எழுதுவதற்காக நாம் கேட்கவில்லை, மருந்து முடியும்வரை அந்த வீட்டு அடுப்பு எரிய வேண்டும் என்பதற்காகவே கேட்கிறோம்.

அடுத்த முறை செவிலியர் வாசலில் வந்து நின்று காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டால், உள்ளே அழைத்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுங்கள். காய்ச்சல் கண்டவர் வீட்டில் இருந்தால் விரலை நீட்டச் சொல்லுங்கள்.

வல்ல ரஹ்மான் நம்மையும் நம் பிள்ளைகளையும், இந்தப் பூமியில் நம்மோடு வாழும் எல்லா மக்களையும் நோய்களிலிருந்து பாதுகாப்பானாக! நோயுற்றோருக்குப் பூரண ஷிஃபாவைத் தருவானாக! ஆமீன்.